ரேடியோ நெல்லும் உறையூர்ப் பாட்டும்

தமிழில் சுயாதீன இசை 2021 மார்ச் 7 அன்று பிறந்தது என்ற நம்பிக்கை நம் இளம் இசை விமர்சகர்களிடம் வேரூன்றிவிட்டது. தீயும் அறிவும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்த நாள் அது. அதற்கு முன்பு தமிழ்க் காதுக்குச் சினிமாப் பாட்டை விட்டால் வேறு கதியில்லை, யூடியூப் வந்து கதவைத் திறந்துவிட்டது, இனி யாரும் பாடலாம், யாரும் கேட்கலாம் என்று கதை போகிறது. கொஞ்சம் தாராளமானவர்கள் ஹிப்ஹாப் தமிழாவின் 2012 தொகுப்பு வரைக்கும், இன்னும் தாராளமானவர்கள் மலேசியாவிலிருந்து யோகி பி 2006-இல் கொண்டுவந்த ‘வல்லவன்’ வரைக்கும் பின்னோக்கிப் போவார்கள். அங்கே ரயில் நின்றுவிடும்.

‘என்ஜாய் எஞ்சாமி’ நல்ல பாட்டு. ஒப்பாரியின் இழுவையைத் துள்ளல் தாளத்தில் ஏற்றி, தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய ஒரு பாட்டியின் வாழ்க்கையை நாற்பது கோடி முறைக்கு மேல் கேட்கவைத்தது சின்னக் காரியமல்ல. என் சண்டை பாட்டோடு இல்லை, அதற்கு எழுதப்பட்ட பிறப்புச் சான்றிதழோடு. சினிமாவுக்கு வெளியே பாட்டே இருந்ததில்லை என்கிறவர் தன் செவி எதுவரை எட்டியது என்பதைத்தான் சொல்கிறார். அதையே வரலாறாக எழுதும்போது திருச்சியில் இருப்பவனுக்குப் பொறுக்கவில்லை.

காவிரியும் கொள்ளிடமும் பாயும் இந்தப் பக்கத்தில், பாட்டைத் தேடிக் கண்டெடுப்பது பழைய வேலை. காட்டுமன்னார்கோயிலில் யாத்திரிகர் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு, ஆயிரத்தில் பத்து இதுவென்றால் மீதி எங்கே என்று திருக்குருகூர் வரை போன நாதமுனிகளின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அவர் மருமக்கள் இருவரைப் பழக்கி வகுத்த இசை வழியில் வந்தவர்களாகத்தான் ஸ்ரீரங்கத்து அரையர்கள் பகல் பத்திலும் இராப்பத்திலும் தாளம் தட்டிப் பாடுகிறார்கள். தாயார் சன்னிதிக்கு எதிரே கம்பன் அரங்கேற்றிய மண்டபத்தைக் காட்டுவார்கள். வயலூரில் அருணகிரி. அவருடைய திருப்புகழ் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நீதித்துறை உத்தியோகத்தில் இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஏடு ஏடாகத் தேடி அச்சேற்றினார். இன்னொரு நீதித்துறைக்காரர், திருச்சிப் பக்கத்துக் குளத்தூரில் 1826-இல் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பு வேலை பார்த்தபடியே கீர்த்தனை எழுதினார். கடவுளைப் பாடிய கையோடு பஞ்சத்தையும் உத்தியோகத்தின் அவலங்களையும் பாடினார். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ 1878-இல் வந்தது. எந்த அரசவையும் கேட்கவில்லை, எந்த ஆதீனமும் பொற்கிழி நீட்டவில்லை. இவரைச் சுயாதீனக் கலைஞர் என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லையென்றால் காரணம் ஒன்றுதான்: அவர் கையில் கிடார் இல்லை.

நாடக காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். எப்.ஜி. நடேச ஐயர் 1914-இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவின் மேடையில் லோகிதாசனாக நின்ற சிறுவன் பிற்பாடு எம்.கே. தியாகராஜ பாகவதர் ஆனான். மேடையில் பிறந்த பாட்டு இசைத்தட்டுக்குப் போய், இசைத்தட்டிலிருந்து திரைக்குப் போய், திரையே பாட்டின் சொந்த ஊர் என்று ஆனது அந்தத் தலைமுறையில்தான். சினிமாவுக்கு முதல் பெரிய நன்கொடை இந்த ஊரிலிருந்து போனது. அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் குற்ற உணர்வும் உண்டு.

நான் நின்று பேச விரும்புவது வானொலியிடம்.

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. சென்னை நிலையம் அதற்கு ஒரு வயதுதான் மூத்தது. அடுத்து வந்த தமிழிசை இயக்கத்தின் ஆண்டுகளில், வானொலியில் தமிழ்ப் பாட்டுக்கு எவ்வளவு இடம் என்பது பொதுமேடையில் வாதிடப்பட்ட விஷயமாக இருந்தது. 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. அகில இந்திய வானொலியிலிருந்து அது ஏறக்குறைய விரட்டப்பட்டது. நேயர்கள் இலங்கை வானொலிக்கு ஓடினார்கள். ஓடியவர்களைத் திரும்பக் கூப்பிட 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. கேஸ்கரைக் கேலி செய்வதற்காகவே இந்தக் கதை சொல்லப்படுகிறது. கேலிக்கு உரியவர்தான். ஆனால் அவர் உண்டாக்கிய வெற்றிடத்தில் முளைத்த ஒன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் பெயர் மெல்லிசை. கல்யாண மண்டபத்தில் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பாடும் மெல்லிசை அல்ல; வானொலிக்கென்றே எழுதி, வானொலிக்கென்றே மெட்டமைத்த பாட்டு.

அது எப்படி உருவாகும் என்பதைக் கவனியுங்கள். உள்ளூர்க் கவிஞர் ஒருவர் பாட்டு எழுதித் தருவார். நிலையத்தில் சம்பளத்துக்கு இருக்கும் இசைக்கலைஞர் மெட்டமைப்பார். குரல் தேர்வில் தேறி ‘பி’ கிரேடோ ‘பி ஹை’ கிரேடோ வாங்கிய ஒருவர் பாடுவார். அவர் பகலில் பள்ளிக்கூட ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருப்பார். அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்துக்குத் தடை. அதனால் புல்லாங்குழலும் வீணையும் வயலினும்தான் குரலைத் தாங்க வேண்டியிருந்தது. அந்தப் பாட்டுகளில் காற்று புகுந்து வருவதுபோல ஓர் இடைவெளி தெரியும். வாத்தியம் சொல்லை அமுக்காது. படத்தில் யார் வாயசைக்கப் போகிறார், எந்தக் காட்சி என்ற கவலை கிடையாது. மழை, குழந்தை, ஆற்றங்கரை, அறுவடை என்று விஷயமும் பெரும்பாலும் பக்கத்தில் கிடப்பதுதான். சலிப்பூட்டும் பாட்டுகளும் நிறைய. சிறுசேமிப்புக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் எழுதிய பாட்டுகளை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனாலும் ஓர் ஊரில் பாட்டு எழுதத் தெரிந்தவர், மெட்டுப் போடத் தெரிந்தவர், பாடத் தெரிந்தவர் மூவரும் சென்னைக்கு ரயில் ஏறாமல் சந்திக்க ஓர் அறை இருந்தது. இன்றைக்கு அந்த அறை எது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று, அறிவிப்பாளர். பாட்டு தொடங்குமுன் இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார், பாடுபவர் யார் என்று நிதானமாகச் சொல்வார். ஒரு பாட்டு பிடித்துப்போனவருக்கு அடுத்த வாரம் எந்தப் பெயருக்காகக் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும் என்பது தெரியும். பின்னாளில் வந்த தனியார் பண்பலைகள் கதாநாயகன் பெயரைச் சொல்லிப் பாட்டைப் போட்டன. கைப்பேசியில் அடுத்த பாட்டு தானாக வருகிறது, யாருடையது என்று பார்ப்பதற்குள் அதற்கடுத்ததும் வந்துவிடுகிறது.

திருச்சி வானொலியின் கேட்பாரைக் குறைத்து மதிப்பிடுபவர்களுக்கு ஒரு நெல்லின் கதையைச் சொல்ல வேண்டும். 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது ரகத்தை இந்நிலையத்தின் பண்ணை ஒலிபரப்புதான் தஞ்சை விவசாயிகளிடம் கொண்டுபோனது. விதைப்பிலிருந்து அறுவடை வரை விடாமல் பேசினார்கள். விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புதியது ஒன்றை முன்பின் தெரியாத மக்களிடம் சேர்த்து, அவர்கள் அதை நம்பித் தம் வயலிலேயே போட்டுப் பார்க்கும்படி செய்த நிலையம் அது. அந்தச் சாமர்த்தியத்தில் கால்வாசியை மெல்லிசைக்கும் செலவழித்திருக்கலாம். நெல்லைப் பற்றிப் பேச நிபுணர் வந்தார். பாட்டைப் பற்றிப் பேச ஒருவரும் வரவில்லை. பாட்டு ஒலித்தது, முடிந்தது, செய்திகள் தொடங்கின. கடையில் வாங்கும் இசைத்தட்டாகவும் அவை பெரும்பாலும் வராததால், கேட்டவர்களின் தலைமுறையோடு அவை போய்க்கொண்டிருக்கின்றன. சென்னையில் எம்.பி. சீனிவாசனின் சேர்ந்திசைக்குக் கிடைத்த கொஞ்ச மரியாதைகூட இங்கே உருவான எதற்கும் கிடைக்கவில்லை.

வானொலிக்கு வெளியே இதே ஊரில் ஒரு மனிதர் தனியாகவே ஒரு நிலையமாக இருந்தார். திருலோக சீதாராம். ‘சிவாஜி’ பத்திரிகையின் ஆசிரியர், ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்த’னைத் தமிழாக்கியவர், ஸ்ரீரங்கத்துப் பையன் சுஜாதாவின் முதல் கதையை வெளியிட்டவர் என்றெல்லாம் இலக்கியக்காரர்கள் நினைவு வைத்திருப்பார்கள். இசை பற்றி எழுதுபவர்கள் அவர் பெயரைச் சொல்லி நான் பார்த்ததில்லை. பாரதி பாட்டைத் தமிழ்நாடு கேட்டது 1947-இல் ஏவி.எம்மின் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடியதால்தான் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. பாரதி பாடல்களை அரசுடைமையாக்கும் அறிவிப்பு 1949-இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் மேடை மேடையாக, திண்ணை திண்ணையாக மனப்பாடமாகப் பாடிப் பாரதியையும் பாரதிதாசனையும் காதில் ஏற்றியவர் சீதாராம். கச்சேரி வித்வானின் ஆலாபனைக்கும் பண்டிதரின் ஒப்புவிப்புக்கும் நடுவே ஒரு வழியைப் பிடித்தார். அர்த்தம் உடையும் இடத்தில் மூச்சு வாங்காத பாட்டு அது. ‘தேவ சபை’ என்று நண்பர்கள் கூடிய வட்டத்தில் பாட்டைக் கேட்பதும் அதன் மேல் சண்டை போடுவதும் ஒன்றாகவே நடந்தன. 1973-இல் அவர் இறந்தார். ரவிசுப்பிரமணியன் எடுத்த ஆவணப்படம் இல்லாவிட்டால் இளையவர்களுக்கு அந்த முகமே தெரிந்திருக்காது.

ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு முருகன் பாட்டை அஞ்சலட்டையில் எழுதி டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். சௌந்தரராஜன் அதற்குத் தானே மெட்டமைத்துப் பாடினார். ‘கற்பனை என்றாலும்’ என்ற அந்தப் பாட்டுக்குப் படமும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை. முன்பின் அறியாதவன் அனுப்பிய அட்டையைக் குப்பையில் போடாமல் படித்த ஒரு பாடகர் இருந்தார், அவ்வளவுதான். ரங்கராஜன் பிறகு வாலி ஆனதும் சென்னைக்குப் போனதும் தெரிந்த கதை. அவர் ஆயிரக்கணக்கில் சினிமாப் பாட்டு எழுதிய பின்னும் கோயில்களில் விடியற்காலையில் ஒலிப்பது அந்த அஞ்சலட்டைதான்.

கடல் தாண்டி இலங்கையில் 1970-களில் இதையே துணிச்சலாகச் செய்தார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’வும் ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் பைலா தாளத்தில் வந்து இந்தக் கரையையும் ஆட்டிவைத்தன. ‘சுராங்கனி’யை இளையராஜா 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு எடுத்துக்கொண்டார். சினிமாவுக்குள் போன பிறகுதான் அதற்கு வயது எண்ணத் தொடங்கினோம். ஈழத்து மெல்லிசையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

பிறகு கேசட். நாகூர் ஹனிபா, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், கே.ஏ. குணசேகரனின் ‘தன்னானே’. சினிமாவின் உதவியில்லாமல் லட்சக்கணக்கான வீடுகளில் புகுந்த குரல்கள் இவை. ஆடி மாதம் திருச்சியின் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒலிபெருக்கியில் கேட்பது சினிமாப் பாட்டா? சமயபுரம் பூச்சொரிதலில் கேட்பது சினிமாப் பாட்டா? பக்திப் பாட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், கட்சிப் பாட்டைச் சேர்க்க மாட்டார்கள், மாதா கோயில் பாட்டைச் சேர்க்க மாட்டார்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மிச்சமிருக்கும் வெற்றுக் காகிதத்தைக் காட்டித் தமிழில் தனியிசையே இல்லை என்பார்கள். நகரத்து இளைஞனின் காதல் தோல்வி மட்டும்தான் சுயாதீனமான உணர்ச்சி போலிருக்கிறது.

இந்தக் கணக்கில் விடுபட்டவர்களில் மிகப் பெரியவர் எங்கள் உறையூர்க்காரர். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன். 2015 அக்டோபர் 30 நள்ளிரவில் அவரை வீட்டிலிருந்து போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. டாஸ்மாக்கை மூடச் சொன்ன பாட்டும், அன்றைய முதலமைச்சரைக் கிண்டல் செய்த பாட்டும் காரணம். பதிவான பிரிவுகளில் தேசத்துரோகமும் ஒன்று. நவம்பரில் பிணை கிடைத்தது. 2018-இலும் இன்னொரு பாட்டுக்காகக் கைதானார். இந்தத் தகவல்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. கருத்துரிமை பற்றித் தலையங்கங்கள் வந்தன. அந்தப் பாட்டுகள் பாட்டாக எப்படி இருக்கின்றன என்று ஒரு பத்தியாவது யாராவது எழுதினார்களா? யூடியூப்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது. யூடியூப்பால் பிறந்த இசைக்கு வரலாறு எழுதுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போகிறார்கள். காவல் நிலையத்தில் பதிவான பாடகர், இசை விமர்சனத்தில் பதிவாகவில்லை.

நானே எழுதிப் பார்க்கிறேன். டாஸ்மாக் பாட்டின் பலம் கோபத்தில் இல்லை, நக்கலில் இருக்கிறது. அழவேண்டிய விஷயத்தைச் சிரிப்பாக ஆக்கி, சிரித்து முடிக்கும்போது தொண்டையில் ஏதோ நிற்கும்படி விடுகிறார். பல்லவி சீக்கிரம் சீக்கிரமாகத் திரும்பி வருகிறது. தெருவில் நடந்து போகிறவன் எந்த இடத்தில் வந்து நின்றாலும் பாட்டுக்குள் நுழைந்துவிடலாம். பறை அவருக்கு அலங்காரமில்லை. வார்த்தை எங்கே விழவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கூடப் பாடும் பெண் குரல்கள் எதிரொலியாக நிற்காமல் வழக்காடுகின்றன. குடியால் வீடு அழிந்த கதையில் அந்தக் குரல்களுக்குத்தான் முதல் உரிமை என்பது பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. குறையும் சொல்ல வேண்டும். அமைப்பின் பாட்டுகள் பலவற்றில் எதிரி அட்டைப் பொம்மையாக நிற்கிறான். கோஷம் பாட்டின் கழுத்தைப் பிடிக்கும் இடங்களில் மெட்டு ஒரே தடத்தில் தேய்கிறது. மௌனத்துக்கு அந்தப் பாட்டுகளில் இடமில்லை. இந்தக் குறைகளை அவரிடம் சொல்ல ஓர் இசை விமர்சகன் இருந்திருந்தால் பாட்டு இன்னும் கூர்மையாகியிருக்கும் என்று நினைக்கிறேன். தோழர்கள் பாராட்டினார்கள், அரசு தண்டித்தது. இரண்டுமே விமர்சனம் இல்லை.

சென்னையில் நிலைமை பரவாயில்லை. 2018 ஜனவரி 6-இல் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மூச்சில் கோத்தது. 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ நடக்கிறது. அதற்கும் முன்னால் கபேர் வாசுகி ‘அழகு புரட்சி’யைத் தானே வெளியிட்டார், பேச்சுத் தமிழின் சோம்பலான நடையைப் பாட்டுக்குள் கொண்டுவந்ததில் அவர் சொந்தமாக ஒன்றைச் செய்தார், அதன் கடன் இன்னும் அடைக்கப்படவில்லை. இவர்களையெல்லாம் மூடி மறைத்துக்கொண்டு இப்போது கொட்டுவது பெரிய நிறுவனங்களின் ‘சிங்கிள்’ மழை. சினிமா இசையமைப்பாளர், சினிமாப் பாடகி, சினிமா நடிகர், மலைப்பிரதேசத்தில் எடுத்த வீடியோ, கடைசியில் ‘சுயாதீன’ முத்திரை. படம் இல்லாத படப்பாட்டு. இதைக் கேட்பதைவிட நல்ல படப்பாட்டையே கேட்டுவிடலாம், அதிலாவது காட்சிக்கு ஒரு காரணம் இருக்கும்.

காசுக் கணக்கும் சுயாதீனக் கதையைப் பொய்யாக்குகிறது. ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளியாகி மூன்றாண்டு நிறைந்தபோது, தங்களுக்கு அதிலிருந்து வருமானமே வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். உச்சத்தில் இருப்பவர் நிலை அது. அடியில் இருப்பவருக்கு, ஒரு பாட்டு ஓராண்டில் ஆயிரம் முறை ஓடாவிட்டால் ராயல்டி கிடையாது என்று 2024-இல் ஸ்பாட்டிஃபை விதி வைத்தது. உறையூரில் ஒரு தெருமுனையில் முந்நூறு பேர் நின்று கேட்டால் அது கூட்டம். அந்தக் கணக்குப் புத்தகத்தில் அது பூஜ்யம். எண்ணிக்கையில் சினிமாவோடு போட்டி போட்டுத் தோற்பதற்கு இத்தனை பேர் சுயாதீனமாக வேண்டியதில்லை.

திருச்சியில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. 1977-இல் தொடங்கிய கலைக்காவிரியிலிருந்து குரலும் தாளமும் பயின்றவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். என்.ஐ.டி.யின் ஃபெஸ்டம்பர் 1975-இலிருந்து நடக்கிறது. வானொலி நிலையம் இன்றும் இயங்குகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் உள்ளூர்க்காரர்களின் புதுப்பாட்டை, இயற்றியவர் பெயர் சொல்லி ஒலிபரப்பிவிட்டு, அடுத்த அரை மணி நேரம் அதைக் கேட்ட இருவர் வாக்குவாதம் செய்தால் அதற்குப் பெரிய செலவு ஆகாது. ரசிக ரஞ்சன சபா மேடையில் ஒரு மாலை, பட்டம் வாங்கிய பெண்ணின் புதுக் கீர்த்தனையும் உறையூர்க் குழுவின் பறைப்பாட்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டால் நிச்சயம் சண்டை வரும். வரட்டும். யார் எந்தக் கட்சி என்று நிறையச் சண்டை போட்டாயிற்று. யாருடைய சரணம் இழுத்தது, யாருடைய தாளம் தடுமாறியது என்று இந்த ஊரில் சண்டை நடந்து ஐம்பது வருடம் ஆகிறது.